கைவேலை ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது!

தோழர்களே!

கைதட்டலுக்காக ஏங்கியவன் நான். மேடையேறும் எவனும் ஏங்குவான். ஆனால், ஒரே ஒரு கைதட்டல் மட்டும் இன்றுவரை என் செவியிலே நெருப்பாக எரிந்துகொண்டிருக்கிறது. அதனைச் சொல்லிவிட்டு இன்றைய பொருளுக்கு வருகிறேன்.

ஓமலூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாலையில் தூறிய மழை ஓய்ந்திருந்தது. தகரக் கொட்டகை, இரும்புக் குழாய்க் கால்கள், அவற்றைச் சுற்றிச் சுற்றி ஏறிய வண்ண விளக்குகள்! நம் ஊர் நாடக மேடையின் இலக்கணம் உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாம் காட்சி. மகனைப் பறிகொடுத்த தந்தையாக நடித்த தோழர், தூணைப் பற்றிக்கொண்டு கதறவேண்டும். அப்படி எழுதியவன் நானே. பற்றினார். கதறினார். உடல் துடித்தது, பற்கள் கிட்டின, பற்றிய கை தூணை விடவில்லை. ‘ஆகா, இதுவன்றோ நடிப்பு!’ என்று அவை எழுந்து நின்று கைதட்டிற்று! திரைமறைவில் நின்ற ஒலிபெருக்கிக்காரரின் பையன் ஒருவனுக்குத்தான் அது நடிப்பல்ல என்பது புரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தான். இருள் சூழ்ந்தது. இருளிலே ஓர் உடல் தொப்பென்று விழும் ஓசை கேட்டது. தோழர் பிழைத்துக்கொண்டார், பிழைத்தது அந்தச் சிறுவனின் புத்தியால், எங்கள் பொறுப்புணர்ச்சியால் அல்ல.

விளக்குப் போட்டவர் ஐம்பதை நெருங்கியவர். கைகட்டி நின்றார். ‘இருபத்தஞ்சு வருசமா இதே வேலைங்க. லைசென்சு வாங்கலீங்க. யாரும் கேட்டதுமில்லீங்க’ என்றார்.

யாரும் கேட்டதில்லை! அந்த ‘யாரும்’ என்பதிலே நானும் அடக்கம். வசனத்தில் ஓர் ஒற்றுப் பிழை இருந்தாலும் ஒத்திகையில் திருத்துகிற நான், தூணிலே மின்சாரம் பாயாதிருக்க வழி செய்தாயிற்றா என்று கேட்டேனில்லை. அன்று கேட்கத் தவறிய கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னே வைக்கிறேன்.

மேடையை விடுங்கள், உங்கள் வீட்டுக்கு வாருங்கள். விசிறி நின்றுவிட்டது, மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் உறுமுகிறதே தவிர ஓடவில்லை. என்ன செய்கிறோம்? தெருக்கோடியில் இருப்பவரை அழைக்கிறோம். ‘அவனை வரச்சொல்’ என்று சொல்லி அனுப்புகிறோம். வந்து நின்றதும் ‘வாங்கண்ணா’ என்கிறோம். கூலியைக் கையில் கொடுத்ததும் மனத்துக்குள்ளே மீண்டும் ‘அவன்’ ஆக்கிவிடுகிறோம்! ஒரு துணிப்பை, அதிலே டெஸ்டர், கட்டிங் பிளேயர், திருப்புளி, கறுப்பு நாடாச் சுருள். குழாய் ஒழுகினாலும் அவர். கதவின் கீல் கழன்றாலும் அவர். கம்பி கருகினாலும் அவர். செவ்வாய்ப்பேட்டையிலும் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பரமத்தி வேலூரிலும் அவர் இல்லாத தெரு உண்டா? இல்லை! அவரிடம் ‘உரிமம் உண்டா?’ என்று கேட்ட வீடு உண்டா? அதுவும் இல்லை!

அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன் என்றதும், ‘ஏழையின் வயிற்றில் அடிக்கிறாயா?’ என்று சினம் கொள்ளாதீர்கள். அவரைத் தெருவை விட்டுத் துரத்துவதற்காக அல்ல. அதே தெருவிலே அவரைத் தலைநிமிர்ந்து நடக்க வைப்பதற்காகவே கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? கீலைத் திருத்தவும், சுவருக்கு வண்ணம் பூசவும், பலகை இழைக்கவும் எவரும் உரிமம் கேட்பதில்லை. மின்சாரம் என்று வந்ததும் சட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி கிழித்த கோடு அது. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச், வீட்டுக் கருவி இவற்றை மாற்றலாம். இணைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறாதவரையில் தடையில்லை. அதற்கு மேற்பட்டுப் புதிதாக அமைப்பதோ, கூட்டுவதோ, மாற்றுவதோ, பழுது பார்ப்பதோ என்றால், அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும்; தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் வேண்டும்; வேலை செய்யும் கைக்கும் ஓர் அனுமதிச்சீட்டு வேண்டும். 1910-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்தது. 1956-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் 2010-இலும், பின்னர் 2023-இலும் வந்தன. ஏடு மாறிற்று, கோடு மாறவில்லை.

அருமையான கோடு அது என்பேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைப் பாருங்கள். உரிமம் இல்லாத கைவேலைக்காரர் ஏற்கும் பணி, கூலியும் பொருளும் சேர்த்து 500 டாலருக்குள் அடங்கவேண்டும் என்று அங்கே நெடுநாள் விதி இருந்தது. 2025 சனவரி முதல் அந்த எல்லை 1000 டாலர் ஆயிற்று. கட்டட அனுமதி தேவைப்படும் வேலையும் கூடாது, கூலிக்கு ஆள் வைக்கவும் கூடாது என்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. அவர்கள் முதலிலே பணத்தால் அளக்கிறார்கள். நம் விதியோ ஆபத்தால் அளக்கிறது. பத்து ரூபாய்க் கம்பியும் ஆளைக் கொல்லும் என்பதை உணர்ந்தவர் வகுத்த விதி!

அந்தக் கோட்டைத் தாண்டிச் செல்ல ஏணி உண்டா? உண்டு. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று சென்னையிலே ஒன்று இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் முதற்படி. மின்கம்பியாள் அடுத்த படி. மேற்பார்வையாளர் அதற்கும் மேற்படி. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் உச்சிப்படி. முதற்படிக்கான தேர்வுக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியே விண்ணப்பம் பெறுகிறார்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மின்கம்பி வேலையில் 5 ஆண்டுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். தொழிலாளர்க்கான மாலை நேர வகுப்பிலே பயின்றவர்களுக்கும் அங்கே வழி உண்டு. கல்லூரிப் பட்டமா கேட்கிறார்கள்? இல்லை. கைப்பழக்கத்தைத்தான் கேட்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் தோழர்கள் பலருடைய சட்டைப்பையிலே நல வாரிய அட்டை இருக்கும். 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ், 1994-இல் தமிழ்நாட்டில் அமைந்தது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். கொத்தனார், தச்சர், வண்ணம் பூசுவோர், குழாய்ப் பணியாளர், மின்பணியாளர் எனப் பலரும் அதிலே பதியலாம். விபத்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், 60 வயதுக்குப் பின்னே ஓய்வூதியத்துக்கும் அது துணை நிற்கும். பதியாதவர் இன்றே பதியட்டும்! ஆனால், அந்த அட்டை உழைப்பவரைக் காக்கும் குடை. கம்பி இழுக்க அனுமதிக்கும் சீட்டு அன்று. குடையும் வேண்டும், சீட்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதைப் பெற்றுவிட்டதாக எண்ணி ஏமாறல் ஆகாது.

சரி, ஏணி இருக்கிறது. ஏறுகிறவர் எத்தனை பேர்? நம் மண்ணிலே நின்று பார்ப்போம்.

மேட்டூர் அணை 1934-இல் எழுந்தது. 1937-இல் அந்த அணை நீர் மின்சாரமும் தரத் தொடங்கிற்று. காவிரி வயலுக்கு மட்டுமா பாய்ந்தாள்? கம்பி வழியேயும் பாய்ந்தாள்! அந்த மின்சாரம் இந்தச் சமவெளியின் தலையெழுத்தை மாற்றிற்று. தாரமங்கலம், சலகண்டாபுரம், எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம் எங்கும் கைத்தறிக் குழி இருந்த இடத்திலே விசைத்தறி வந்து அமர்ந்தது. ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு அரைக்கும் சவ்வரிசி ஆலைகள் பெருகின. அவற்றுக்கெனச் சேலத்திலே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே 1981-இல் உண்டாயிற்று. நாமக்கல்லிலே கோழிப்பண்ணைகள், லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளை வண்டிகள் நாடெங்கும் போயின. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிரியாதது ஒன்றுண்டு, அதுதான் இரு மாவட்டத்துக்கும் பொதுவான இந்தக் கம்பி!

அந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். விசைத்தறி வீட்டிலே, குழந்தை உறங்கும் தூளிக்குப் பக்கத்தில் மோட்டார். பறக்கும் பஞ்சு, தேய்ந்த உறை, சுவரெல்லாம் அதிர்வு. சவ்வரிசி ஆலையிலே தரையெல்லாம் மாவுநீர். அதிலே வெறுங்காலோடு நிற்கும் பெண்கள். கோழிப்பண்ணையிலே கூண்டு முழுதும் இரும்பு வலை. ஓரிடத்தில் மின்சாரம் கசிந்தால் கொட்டகை முழுவதும் பாயும். ஈரக்கால் மின்சாரத்துக்கு வாசற்கதவைத் திறந்துவிடுகிறது. 230 வோல்ட் மின்சாரத்துக்கு ஏழையென்றும் பணக்காரரென்றும் தெரியாது. ஆனால் ஈரத்தில் நிற்பவர் யார், இரும்பைத் தொடுபவர் யார்? ஏழைதானே! இந்தியாவிலே ஆண்டுதோறும் மின்சாரம் தாக்கி மாள்வோர் பத்தாயிரத்துக்கும் மேலென்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகள் கூறுகின்றன. பத்தாயிரம் வீடுகளிலே ஒப்பாரி, தோழர்களே!

இத்தகைய இடங்களிலே கம்பி இழுத்தவர் யார்? அதே துணிப்பைக்காரர்! இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் பணி நிறைவு அறிக்கை வேண்டும் என்கிறார்கள். அறிக்கை வருகிறது, முத்திரையோடு வருகிறது, கையெழுத்தோடு வருகிறது. கையெழுத்திட்டவர் அந்த வீட்டு வாசற்படியை மிதித்தாரா? எல்லாரும் மிதிக்காமலில்லை, கண்ணியத்தோடு வந்து அளந்து சோதித்துப் பார்ப்பவரும் உண்டு, அவர்களை வணங்குகிறேன். ஆனால், விலைக்கு வரும் கையெழுத்தும் உண்டு என்பது கடைவீதி அறிந்த செய்தி. கைவேலை ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது! ஊதியத்தில் ஒரு பகுதி கையெழுத்துக்கு. ஆபத்து முழுவதும் கைவேலைக்கு. விபத்து நேர்ந்தால், ஏட்டிலே அந்த மனிதர் பெயரே இல்லை. பெயரில்லாதவருக்கு இழப்பீடு எப்படி வரும்? பெயரில்லாதவரிடம் பொறுப்பை எப்படிக் கேட்பது?

இதற்கு இரண்டு மருந்து சொல்கிறார்கள். ஒருவர், ‘சீட்டும் வேண்டாம், தேர்வும் வேண்டாம், திறமையுள்ளவன் பிழைத்துக்கொள்வான்’ என்கிறார். மற்றவர், ‘சீட்டில்லாதவனைப் பிடித்துச் சிறையில் தள்ளு’ என்கிறார். இரண்டும் வேண்டாம் என்பேன்.

கதவை அகலத் திறந்து பார்த்த நாடு செர்மனி. அங்கே தொழில் நடத்த ‘மைஸ்டர்’ என்னும் ஆசான் தேர்வு கட்டாயமாக இருந்தவை 94 தொழில்கள். 2004-இல் அவற்றிலே 53 தொழில்களுக்கு அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். 2020-இல் என்ன ஆயிற்று? ஓடு பதிப்பது உள்ளிட்ட 12 தொழில்களுக்கு மீண்டும் கொண்டுவந்தார்கள். மின்பணியையோ, திறந்துவிட்ட 2004-இலும் அவர்கள் தொடவில்லை! அஞ்ச வேண்டிய இடத்திலே அஞ்சுவது அறிவு என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சிறையிலே தள்ளு என்பவருக்குச் சொல்வேன்: ஐயா, முதலில் ஏணியைத் தெருவிலே கொண்டுவந்து வையுங்கள், வைத்தபின் ஏறாதவரைக் கடிந்துகொள்ளுங்கள். 5 ஆண்டு அனுபவத்துக்குச் சான்று வேண்டும் என்கிறீர்கள். சான்று தரும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் யார்? எவர் அந்த மனிதரைச் சான்றில்லாமலே வைத்திருந்து ஆதாயம் காண்கிறாரோ, அவரேதான்! விண்ணப்பத்துக்காக ஒரு நாள், தேர்வுக்காக ஒரு நாள், சான்றிதழுக்காக ஒரு நாள் என்று அலைந்தால், அத்தனை நாளும் அவர் வீட்டு அடுப்பை யார் மூட்டுவது?

‘கல்லூரியைப் பாதியில் விட்டவன் நீ, நீயா சான்றிதழுக்குப் பரிந்து பேசுகிறாய்?’ என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், விடை சொல்கிறேன். பட்டம் இல்லாமலே பேனா பிடித்தேன், மேடை ஏறினேன், எவரும் தடுக்கவில்லை. நான் பிழையாகப் பேசினால் மறுநாள் இன்னொருவர் எழுந்து மறுப்பார். பிழை அங்கேயே தீரும். கம்பியிலே செய்த பிழையை மறுநாள் மறுத்துப் பேச, ஆள் இருக்கமாட்டார்! சொல்லுக்கு உரிமம் கூடாது. உயிர்மேல் கைவைக்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமலா நாம் இத்தனை நாள் அரசியல் பேசினோம்?

இன்னொன்றும் சொல்வேன். யார் எந்தத் தொழில் செய்யலாம் என்பதைத் தொட்டிலே தீர்மானித்த நாடு இது. சேலம் நகராட்சிக்கு 1917-இல் தலைவராக வந்த இராசாசி அவர்கள், 1953-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தபோது, பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொணர்ந்தார். நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் அத்திட்டம் போயிற்று. மின்சாரமோ, குலம் கண்டிராத தொழில்! எந்தச் சாதிக்கும் அது பரம்பரைச் சொத்தன்று. தறிக்காரர் மகனும் செருப்புத் தைப்பவர் மகளும் ஒரே தேர்வுக்கூடத்தில் அமர்ந்து, ஒரே வினாவுக்கு விடை எழுதி, ஒரே சான்றிதழ் பெறலாம். பிறப்பு தந்த சீட்டைக் கிழித்துப் போட்டவர்கள், உழைப்பு பெற்றுத்தரும் சீட்டை ஒவ்வொரு கையிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாமா?

ஆகவே, ஆட்சியிலே இருப்போர்க்கு, அவர் எவராயினும், மூன்று கோரிக்கை.

தேர்வையும் பயிற்சியையும் தொழிலாளியின் ஊருக்குக் கொண்டுவாருங்கள். எடப்பாடியிலும் குமாரபாளையத்திலும் ஆத்தூரிலும், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அவருக்குப் புரியும் தமிழிலே நடத்துங்கள். அனுபவத்தைத் தாளிலே தேடாதீர்கள், கையிலே பாருங்கள். ஒரு பலகையும் கம்பியும் கொடுத்து, ‘எர்த் போட்டுக் காட்டுங்கள்’ என்றால் ஒரு மணி நேரத்தில் உண்மை விளங்கிவிடும்.

பணி நிறைவு அறிக்கையிலே, கையெழுத்திட்டவர் பெயரோடு, கம்பி இழுத்தவர் பெயரும் சீட்டு எண்ணும் இடம்பெறட்டும். ஏட்டிலே பெயர் ஏறினால் கூலியும் ஏறும், பொறுப்பும் ஏறும்.

மூன்றாவதாக, சீட்டு பெறாத பழம் தொழிலாளர்களுக்கு ஒரு தவணை குறியுங்கள். அதற்குள் பயிற்சி, அதற்குள் தேர்வு, அதுவரையில் மேற்பார்வையாளர் துணையோடு வேலை. அதற்குப் பிறகு கண்டிப்பு. கருணை முன்னே, கண்டிப்பு பின்னே!

கோட்டைக்குக் கோரிக்கை விடுத்துவிட்டு நாம் கைகழுவி நிற்கலாமா? வீட்டுக்காரரே, நீங்கள் கேளுங்கள். விளக்கு மாற்ற வந்தவரிடம் அல்ல; புதிதாகக் கம்பி இழுக்க, குளிர்ப்பெட்டிக்குத் தனி இணைப்புத் தர, தறிக்கு மோட்டார் மாட்ட வந்தவரிடம், அன்போடு, ‘அண்ணா, சீட்டு வைத்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், கூலியிலே பேரம் பேசாதீர்கள். படித்தவருக்குக் கொடுக்கத் தயங்காத மதிப்பை அவருக்கும் கொடுங்கள். இல்லை என்றால், சீட்டுள்ளவரோடு சேர்ந்து வரச்சொல்லுங்கள். தேர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்ப உங்கள் வீட்டுப் பிள்ளையை உதவச் சொல்லுங்கள். கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்னே இணைப்பைத் துண்டிக்கும் உயிர்காக்கும் கருவி கடைகளிலே கிடைக்கிறது; அதைப் பொருத்தச் சொல்லுங்கள். திருவிழாவுக்கு வாணவேடிக்கை வாங்கும் நமக்கு, ஓர் உயிரின் விலை அதைவிடக் குறைவா?

கட்சித் தோழர்களே, உங்களுக்கும் சொல்கிறேன், கசந்தாலும் கேளுங்கள். தெருமுனைக் கூட்டம் என்றால் மின்கம்பத்திலே கொக்கி போடுவதும், ஈர நிலத்திலே கம்பியை விரிப்பதும், இரும்புக் கம்பத்திலே குழல்விளக்கு கட்டுவதும் நம்மிடையே வழக்கமாகிப்போனது. உழைப்பவர் உரிமையைப் பேசும் மேடை, உழைப்பவர் உயிரைப் பணயம் வைத்தா நிற்பது? சீட்டுள்ளவர் கை படாத மேடையில் நான் ஏறுவதில்லை என்று ஓமலூர் இரவுக்குப் பிறகு முடிவு செய்தேன். அதனால் இரண்டு கூட்டங்கள் தாமதமாகத் தொடங்கின. ஒன்று நடக்கவே இல்லை. நடக்காத கூட்டத்தால் நாடு கெட்டுவிடவில்லை.

அந்த விளக்குக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பயிற்சி நிலையத்துக்கு என்னுடன் வர முதலில் மறுத்தார். ‘இந்த வயசுல பரீட்சைங்களா?’ என்று நாணினார். பிறகு வந்தார். இன்று, தம் பையிலே டெஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு நெகிழி உறையிட்ட தாளும் வைத்திருக்கிறார். யாரும் கேளாமலே எடுத்துக் காட்டுகிறார்! அந்த முகத்திலே காணும் பெருமிதத்தை நான் எந்த நாடகத்திலும் எழுதியதில்லை.

கேளுங்கள், தோழர்களே! நீங்கள் கேட்கத் தொடங்கினால்தான், கைவேலை செய்தவரின் பெயரே கையெழுத்தாகவும் நிற்கும் நாள் வரும்.